நாலு வாட்ச், நாலு விதமான பழுது

ஒரு வாட்சைத் திறப்பதற்கு முன்னால், அதைக் கட்டுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "இதை எதுக்காகப் பார்க்கறீங்க?" மணி பார்க்கத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் உண்மையான பதில் வெளியே வரும். எந்த வேளையில் பார்க்கிறார், எந்த வெளிச்சத்தில், கையில் என்ன வேலை இருக்கும்போது, நிமிடம் தெரிந்தால் போதுமா, நொடியும் வேண்டுமா? எதைச் சரிசெய்ய வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பது அந்தப் பதிலைப் பொறுத்ததுதான்.

இந்த முறை மேசைக்கு வந்தவை எல்லாமே எங்கள் வீட்டு வாட்சுகள். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா, அக்காவின் செல் வாட்ச், அம்மாவின் கேசியோ, என்னுடைய ஸ்மார்ட் பேண்ட். சாவி கொடுத்து ஓட்டுவதில் தொடங்கி சார்ஜ் போட்டு ஓட்டுவது வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலான தொழில்நுட்பம் அவற்றில் இருந்தது. அதனால்தான் இதை எழுதிவைக்கத் தோன்றியது.

ஜனதாவில் தொடங்கினேன். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய வாட்ச் அது. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பிறகு தும்கூர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு, பரீட்சையில் பாஸானால் பையனுக்கு, ஓய்வு பெறும் நாளில் ஊழியருக்கு என்று எச்.எம்.டி. கட்டாத குடும்பம் அன்றைக்குக் குறைவு. எனக்கு அந்த நிறுவனத்தின் மீது பெரிய மரியாதை உண்டு. பார்வையற்றவர்களுக்காகக் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்க்கும்படி பிரெய்ல் வாட்ச் செய்தார்கள். யாருக்கு என்ன தேவை என்று யோசித்துச் செய்த பொருளுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதிலிருந்து உதிரி பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பழைய வாட்ச் ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழி.

அப்பாவின் வாட்சில் கோளாறு இதுதான்: முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாளாவது ஓட வேண்டியது, சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஓடுகிற நேரத்திலும் பின்தங்குகிறது. குலுக்கினால் மறுபடி ஓடும். குலுக்கினால் ஓடுகிறது என்றாலே அநேகமாக உடைந்த பாகம் எதுவும் இல்லை, எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வாட்ச் கடைக்காரர்கள் 'ஆயில் சர்வீஸ்' என்று சொல்வதுதான் இதற்கு மருந்து.

பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் நாலைந்து கீறல் எழுத்துகள். சர்வீஸ் செய்தவர்கள் தேதியையோ தங்களுக்கு மட்டும் புரியும் குறியையோ அப்படிக் கீறிவைப்பார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்தால் மூன்று வெவ்வேறு கையெழுத்து தெரிந்தது. கடைசியானது ரொம்பப் பழையது.

முதல் வேலை ஸ்பிரிங்கின் இறுக்கத்தை விடுவிப்பது. சாவி கொடுக்கும் குமிழை விரலால் பிடித்துக்கொண்டு, ராட்செட் சக்கரத்தைத் தடுத்து நிற்கும் சின்னக் கொக்கியைச் சாமணத்தால் விலக்கி, குமிழை விரலிடுக்கில் மெல்ல நழுவவிட வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே கைவைத்தால், பூட்டிவைத்த விசை முழுதும் ஒரே நொடியில் பல்சக்கரங்கள் வழியே பாயும். பல் உடையும், அச்சு முறியும். அப்புறம், தண்டைப் பிடித்திருக்கும் திருகைச் சற்றே தளர்த்தினால் குமிழ் தண்டோடு வெளியே வந்துவிடும். திருகை முழுதாகக் கழற்றக் கூடாது. கழற்றினால் டயல் பக்கத்தில் இருக்கும் நெம்புகோல் விழுந்துவிடும், அதைத் திரும்பப் பொருத்துவது தனி வேலை.

முட்களை எடுக்கும்போது டயல் மீது ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்துக்கொண்டேன். டயலில் மஞ்சள் படர்ந்திருக்கிறது, ஓரத்தில் ஈரம் பட்ட தடம் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். டயலுக்கு மறுவண்ணம் பூசி, புதுசு மாதிரி ஆக்கி விற்கிற பழைய வாட்சுகள் ஆன்லைனில் நிறைய வருகின்றன. சேகரிப்பவர்கள் அவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். எழுத்து ஓரம் மழுங்கியிருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே தடிமனில் இருக்காது, கம்பெனியே செய்திராத நிறங்கள் இருக்கும். வாங்க நினைப்பவர்கள் உள்ளே இருக்கும் எஞ்சின் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எஞ்சினில் முதலில் வெளியே வருவது பேலன்ஸ் சக்கரம், இப்படியும் அப்படியும் ஆடி வாட்சின் வேகத்தைத் தீர்மானிப்பது. அதோடு ஒட்டிய ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் நல்ல கைக்கும் பயம் தரும் பாகம். அந்தச் சக்கரம் சுழலும் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். டயலில் 'பாரா ஷாக்' என்று அச்சடித்திருப்பது இந்த முனையைப் பற்றித்தான். முனை உட்காரும் மாணிக்கக் கல்லை ஒரு மெல்லிய ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. வாட்ச் கீழே விழுந்தால் கல் கொஞ்சம் நகர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும். லேத் மெஷினும் சுத்தியலும் புழங்குகிற பணிமனையில் இத்தனை வருடம் இந்த வாட்ச் தாக்குப்பிடித்ததற்கு அந்தச் சின்ன ஸ்பிரிங்தான் காரணம்.

அடுத்து, பல்சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் கவட்டையான பேலட் ஃபோர்க், பிறகு சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடான பாலத்தைக் கழற்றி, பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக. எண்ணெய் இருந்த குழிகளில் எல்லாம், பழைய தையல் மெஷினின் அடியில் படிந்திருக்கும் பிசின் மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கரங்களையும் பாலங்களையும் வெள்ளை பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கல் துளைகளைக் கூராகச் சீவிய மரக்குச்சியால் திருகித் திருகித் துடைத்தேன். குச்சி முனை சுத்தமாக வெளியே வரும்வரை இதை நிறுத்தக் கூடாது. வேலையில் பாதி இதுதான் என்பேன். ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

பலர் பெட்ரோலுக்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எல்லாவற்றையும் போட்டு எடுக்கிறார்கள். பேலட் ஃபோர்க்கை மட்டும் அதில் ஊறவைக்காதீர்கள். அதன் இரண்டு நுனிகளிலும் இருக்கும் மாணிக்கக் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை. மரத்தில் பூச்சி கட்டும் அதே அரக்குதான். உருக்கி ஒட்டலாம், சூடாக்கி நகர்த்தலாம், எண்ணெயில் கரையாது. உலகம் முழுக்க வாட்ச்காரர்கள் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் இருக்கும் ஊசிக் கல்லும் அப்படித்தான்.

எண்ணெய் விடுவது சுத்தம் செய்வதைவிடப் பொறுமை கேட்கிற வேலை. வேகமாகச் சுழலும் மெல்லிய முனைகளுக்கு நீர்த்த எண்ணெய், ஸ்பிரிங் டப்பாவுக்கும் நடுச் சக்கரத்துக்கும் கெட்டியானது, பேலட் கற்களின் முகத்தில் கிரீஸ் தன்மையுள்ளது. நான் இதே வரிசையில் மோபியஸ் கம்பெனியின் வாட்ச் எண்ணெய்கள் 9010, டி5, 9415 மூன்றும் வைத்திருக்கிறேன். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு குப்பி பல வாட்சுகளுக்கு வரும். ஒவ்வொரு துளைக்கும் குழியில் பாதி நிறைந்தால் போதும். நிறைய விட்டால் அது கல்லை விட்டு வழிந்து தட்டில் பரவி, துளை மறுபடி வறண்டுவிடும். பேலட் ஃபோர்க்கின் அச்சுக்கு எண்ணெயே கூடாது. அது சுழல்வதில்லை, இப்படியும் அப்படியும் துடிக்கிறது, எண்ணெய் அந்தத் துடிப்பைக் கட்டிப்போட்டுவிடும்.

எல்லாவற்றையும் பூட்டி, பேலன்ஸ் சக்கரத்தை இறக்கியதும் அது தானாகத் துடிக்கத் தொடங்குகிற நொடி இருக்கிறதே, எத்தனை வாட்ச் செய்தாலும் அந்தச் சந்தோஷம் குறைவதில்லை.

இந்த எஞ்சின் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. நாளுக்கு ஒரு நிமிடம் தவறினால்கூட அது நூற்றுக்கு 99.93 பங்கு சரியாக ஓடியிருக்கிறது என்றுதான் கணக்கு. வெறும் சுருளும் பல்லும் வைத்துக்கொண்டு இந்தத் துல்லியம் வருவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஓட்டத்தைச் சோதிக்க செல்போன் போதும். மைக்கில் டிக் சத்தத்தைக் கேட்டு, நாளுக்கு எத்தனை நொடி கூடுகிறது குறைகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. முன்பெல்லாம் அதற்குத் தனி மெஷின் வேண்டும். அதே செல்போன் எதிரியாகவும் ஆகலாம். போன் கவரில், ஸ்பீக்கரில், கைப்பையின் மூடியில் எல்லாம் இன்று காந்தம் இருக்கிறது. ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும். ஒரு திசைகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள், ஊசி துடித்தால் அதுதான் காரணம். அப்பாவின் வாட்சுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வேகத்தை ஒழுங்குபடுத்தும் நெம்புகோலை இன்னும் நகர்த்தி நாளுக்கு ஐந்து நொடிக்குள் கொண்டுவர முயன்றிருக்கலாம். அதற்கு முன்னால் அப்பாவிடம் என் கேள்வியைக் கேட்டேன். "முன்னாடி பொன்மலைச் சங்குக்கு வச்சுப்பேன். இப்ப என்ன, காலைல எந்திரிச்சதும் சாவி கொடுக்கணும், நடை சாத்தறதுக்குள்ள கோயிலுக்குப் போகணும். ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன இருந்தா ஒண்ணும் ஆயிடாதுப்பா" என்றார். நாளுக்கு இருபது நொடி போல முந்தும்படி விட்டுவிட்டேன். கிளம்ப வேண்டியவருக்குப் பிந்துகிற வாட்சைவிட முந்துகிற வாட்ச் நல்லது.

துல்லியம் என்ற போட்டி உண்மையில் 1969 டிசம்பர் 25 அன்றே முடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் செய்கோ தன் ஆஸ்ட்ரான் வாட்சை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், அதாவது செல்லில் ஓடி, ஒரு படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டுவது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு கார் வாங்குகிற காசு. மாதத்துக்கு ஐந்து நொடிக்கு மேல் தவறாது என்றார்கள். அடுத்த பதினைந்து வருடத்தில் அந்தத் தொழில்நுட்பம் கார் விலையிலிருந்து சட்டை விலைக்கு இறங்கியது. சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலை இழந்தார்கள். நம் பக்கத்தில், டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்து, குவார்ட்ஸையே நம்பி இறங்கினார்கள். எச்.எம்.டி.யின் சாவி வாட்சுகளுக்குச் சரிவு அங்கேதான் ஆரம்பித்தது.

செல் வாட்சுக்குள் இருப்பது கவட்டை வடிவில் வெட்டிய ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் அந்த விநோதமான எண் என்றால், அதைப் பாதியாக்கி, அதில் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை செய்தால் சரியாக ஒன்று வரும். பாதியாக்குவதுதான் மின்சுற்றுக்கு மிக எளிதான கணக்கு. நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்ததும், அது காயில் என்ற கம்பிச் சுருளுக்குப் போய், குட்டி மோட்டாரை அரைச் சுற்றுத் திருப்பும். நொடி முள் ஒரு கோடு நகரும்.

அக்காவின் வாட்ச் நின்றுபோய்ச் சில மாதங்கள் இருக்கும். திறந்ததுமே தெரிந்துவிட்டது. யாரோ மலிவான அல்கலைன் செல் போட்டிருக்கிறார்கள். அது கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. செல் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் முன்னால் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். எஸ்.ஆர். 626 என்றால் சில்வர் ஆக்சைடு, எல்.ஆர். 626 என்றால் அல்கலைன். அளவு ஒன்றுதான், இரண்டுமே உள்ளே உட்காரும். ஆனால் சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் கொடுத்துவிட்டு ஓயும். அல்கலைன் நாளாக நாளாகச் சரிந்துகொண்டே போகும், கசியும் வாய்ப்பும் அதிகம். இன்னொன்று, நின்றுபோன செல் வாட்சை அப்படியே அலமாரியில் போட்டுவைக்காதீர்கள். கட்டாவிட்டாலும் பரவாயில்லை, செல்லை எடுத்துவிடுங்கள்.

கசிவு காரத்தன்மை உடையது. குச்சி முனையில் சுற்றிய பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்தேன், பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டேன். இங்கே அரக்கு இல்லை, ஆல்கஹால் பயமில்லாமல் புழங்கலாம். புதுச் செல் போட்டும் ஓடவில்லை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து காயிலின் இரண்டு முனைகளைத் தொட்டேன். ஆரோக்கியமான காயில் ஓரிரண்டு கிலோ ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை. காயிலின் கம்பியைக் கசிவு அரித்துவிட்டது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பியைச் சரிசெய்ய யாராலும் முடியாது என்றில்லை. ஆனால் முழு எஞ்சினே ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும்போது அதில் அர்த்தமில்லை. அக்காவின் வாட்சில் இருந்தது மியோட்டா 2035. சிட்டிசன் குழுமத்தின் தயாரிப்பு, உலகில் எண்ணிக்கைக்கு அடங்காத வாட்சுகளின் வயிற்றில் இருப்பது. ஜனதாவுக்குத் தொழில்நுட்பம் கொடுத்த அதே சிட்டிசன்தான். புது எஞ்சினை வாங்கி, டயலையும் முட்களையும் மாற்றிப் பொருத்தினேன். டயலின் கால்கள் அப்படியே போய் உட்கார்ந்தன.

வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா நர்ஸ். என் கேள்விக்கு வந்த பதில்களிலேயே திட்டவட்டமான பதில் அவளுடையதுதான். "டிரிப்ஸ் செட் பண்ணும்போது சொட்டு எண்ணணும்டா. பதினஞ்சு செகண்டுக்கு எத்தனை சொட்டுன்னு எண்ணி நாலால பெருக்குவேன். கண்ணு சொட்டு மேலதான் இருக்கும், வாட்சை ஓரப்பார்வையில பார்ப்பேன். முள்ளு மூணுக்கு வந்தா நிறுத்திடுவேன்." எண்ணாக மாறிக்கொண்டே இருக்கும் டிஜிட்டல் வாட்சில் இது முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் அந்த எண்ணை வாசிக்க வேண்டும், வாசிக்கும்போது சொட்டு தப்பிவிடும் என்றாள். முள் எங்கே நிற்கிறது என்பதை வாசிக்க வேண்டாம், அது ஒரு கோணம், கண் தானாக உணர்ந்துவிடும். இத்தனை வருடம் வாட்ச் பார்க்கிறேன், முள்ளுக்கும் எண்ணுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதனால் நொடி முள்ளை அழுத்திப் பொருத்தும்போது கூடுதல் கவனம் எடுத்தேன். மலிவான செல் வாட்சுகள் பலவற்றில் நொடி முள் கோட்டின் மீது நிற்காமல் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கும். சாதாரணமாக யாருக்கும் அது உறுத்தாது. இங்கே உறுத்தும். பன்னிரண்டில், மூன்றில், ஆறில், ஒன்பதில் என்று நாலு இடத்திலும் லென்ஸில் பார்த்து, சரியாகக் கோட்டின் மேல் விழும்வரை எடுத்து எடுத்து வைத்தேன். அப்பாவின் வாட்சில் நொடியைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டேன், அக்காவின் வாட்சில் நொடி முள்ளுக்காகவே ஒரு மாலைப்பொழுது போனது.

கேசியோ சுருக்கமான வேலை. எஃப்-91டபிள்யூ, 1989-இல் வந்த மாடல், இன்றும் அதே உருவத்தில் விற்கிறது. சி.ஆர். 2016 செல் ஒன்று ஏழு வருடம் வரும் என்று கம்பெனி சொல்கிறது, அம்மாவின் வாட்சிலும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. பின்னால் நாலு திருகு. மூடியைத் தூக்கும்போது ஜாக்கிரதை, நகத்துண்டு அளவு ஒரு ஸ்பிரிங் குத்திட்டு நிற்கும். மூடியில் ஒட்டியிருக்கும் ஒலித்தகட்டுக்கு மின்சாரம் கொண்டுபோவது அதுதான். தொலைந்தால் அலாரம் ஊமையாகிவிடும். புதுச் செல் போட்டதும் 'ஏ.சி.' என்று குறித்த புள்ளியையும் செல்லின் நேர்முனையையும் சாமணத்தால் ஒரு கணம் இணைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, செல் மாற்றியும் திரையில் கோணல்மாணலாக ஏதோ தெரிகிறது என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு. ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் துளி தடவி மூடினேன்.

அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி நேரமாவது கழித்துத்தான் காபி. எஃப்-91டபிள்யூவில் ஒரே ஒரு அலாரம்தான் வைக்க முடியும், அம்மாவுக்குத் தேவையும் ஒன்றே ஒன்றுதான். இருபது நொடி மெல்லக் கூவிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த வேளையில் வீடு அமைதியாக இருப்பதால் அவருக்கு அது நன்றாகவே கேட்கிறது. இந்த வாட்சுக்கு வருடம் தெரியாது, பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள் என்றே வைத்திருக்கும். லீப் வருடத்தில் மட்டும் மார்ச் மாதத் தொடக்கத்தில் நான் தேதியைத் திருத்திக் கொடுப்பேன். போனில் எத்தனை அலாரம் வேண்டுமானாலும் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அம்மாவின் போன் ராத்திரி கூடத்தில் சார்ஜில் கிடக்கும், வாட்ச் கையிலேயே இருக்கும்.

கடைசியாக என் ஸ்மார்ட் பேண்ட். பேட்டரி உப்பி, திரையைச் சட்டத்திலிருந்து தூக்கிவிட்டது. கம்பெனியின் சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைப் பிரிக்க முடியாது, பழசைக் கொடுத்தால் புதுசுக்கு விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தேயும் என்பது செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தேயும் என்று தெரிந்த பாகத்தை மாற்ற வழி வைக்காமல் மூடுவது நியாயமில்லை. அறுபதுகளில் வடிவமைத்த ஜனதாவை ஒரு திருப்புளியும் சாமணமும் வைத்துக்கொண்டு கடைசித் திருகுவரை பிரிக்க முடிகிறது.

உப்பிய பேட்டரியோடு விளையாடக் கூடாது. ஒரு துளை விழுந்தால் தீப்பிடிக்கும். முதலில் சார்ஜை முழுதும் தீரவிட்டேன். முடி உலர்த்தும் டிரையரால் ஓரத்தை மட்டும் மிதமாகச் சூடாக்கி, பசை இளகியதும் பிளாஸ்டிக் பட்டையால் மெல்ல நெம்பினேன். பேட்டரிக்கு அருகில் உலோகக் கருவி எதையும் கொண்டுபோகவில்லை. திரையின் ரிப்பன் ஒயரை இழுக்காமல் புத்தகம் போல மடித்துத் திறந்தேன். பழைய பேட்டரியை மணல் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்தேன். அதே அளவில் பாதுகாப்புச் சுற்றோடு புதிய பேட்டரி கிடைத்தது. பொருத்தி, புதுப் பசையால் ஒட்டினேன். ஓடுகிறது. ஆனால் பழைய நீர்காப்பு இனி இல்லை, குளிக்கும்போது கழற்றத்தான் வேண்டும்.

உயிர் வந்ததும் அது மணி காட்டவில்லை. போனோடு இணைக்கச் சொன்னது. போன் இல்லாமல் நேரம் வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. மேசையின் அடுத்த மூலையில் ஜனதா, யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, என் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம். இந்த பேண்டில் நான் உண்மையில் என்ன பயன்படுத்தினேன்? நடந்த தூரம், தூக்கத்துக்கு மதிப்பெண், மன அழுத்த அளவு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து எதையாவது மாற்றிக்கொண்டேனா என்றால் இல்லை. பயன்பட்டது ஒன்று: சத்தமில்லாமல் அதிரும் அலாரம். முதல் ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் விடிவதற்கு முன்னால் எழ வேண்டும், பக்கத்தில் குழந்தை தூங்கும். அந்த வேலையை இந்த நாலில் வேறு எதனாலும் செய்ய முடியாது. அதனால் பேண்ட் இப்போது ராத்திரியில் மட்டும் கையில். மற்ற அறிவிப்புகளை எல்லாம் நிறுத்தியதும் சார்ஜும் முன்பைவிடப் பல நாள் நிற்கிறது. பகலில் கட்டிக்கொள்ள ஒரு பழைய சாவி வாட்ச் வைத்திருக்கிறேன், நொடி தேவைப்பட்டால் போன் சட்டைப்பையில் இருக்கிறது.

ஸ்மார்ட் வாட்சே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் தனியாக இருக்கும் சித்தப்பா ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழுந்ததை உணர்ந்து தானாக அழைப்பு அனுப்பும் வாட்ச் வாங்கச் சொன்னதே நான்தான். 2018-இலிருந்து இந்த வசதி வாட்சுகளில் வருகிறது. தினமும் சார்ஜ் போடுவது அவருக்கு ஒரு பாரமே இல்லை, ராத்திரி மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜரை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா போன வாரம் அழைத்தாள். சொட்டு எண்ணுவது இப்போது சரியாக இருக்கிறதாம். ஆனால் ராத்திரி வார்டில் விளக்கை அணைத்துவிட்டால் முள்ளே தெரியவில்லை, டார்ச் அடித்தால் நோயாளி விழித்துக்கொள்கிறார் என்றாள். நியாயமான தேவை. இருட்டில் ஒளிரும் முட்கள் தேடிக்கொண்டிருக்கிறேன். மியோட்டா 2035-க்கு மணி முள்ளின் துளை 1.20 மி.மீ., நிமிட முள் 0.70, நொடி முள் 0.17. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒளிர்கிற மாதிரி நிறையக் கிடைக்கின்றன. நொடி முள்ளும் ஒளிர வேண்டும், அதுதான் இன்னும் அகப்படவில்லை. கிடைக்காவிட்டால் இப்போதிருக்கும் முள்ளின் நுனியில் நானே ஒளிர் வண்ணம் தொட்டு வைக்கப் போகிறேன். எடை கூடினால் அந்தக் குட்டி மோட்டார் திணறும் என்பதால் எவ்வளவு குறைவாகத் தொட முடியும் என்று ஒரு பழைய முள்ளில் முதலில் செய்து பார்க்க வேண்டும்.